கீமோ வார்டுக்கு ஆறுதல் பை: எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கேள்வி: மழைமேகம்

வணக்கம். என் தோழிக்கு ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ தொடங்கிட்டாங்க. கிட்டத்தட்ட நாலு வாரம் வார்டிலேயே இருக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவளுக்கு ஒரு பை தயார் பண்ணப் போறேன். அதே வார்டுல பார்க்க ஆள் வராத நோயாளிகளும் இருக்காங்களாம், அவங்களுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்றா. ஆக மொத்தம் பத்துப் பை.

பூங்கொத்து, பழக்கூடைன்னு வழக்கமா மனசுக்கு வர்றதெல்லாம் இந்த வார்டுக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். ஏன் ஆகாது? அப்போ என்னதான் உண்மையிலேயே உதவும்? பின்னல் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் தொப்பியும் போர்வையும் பண்ணித் தரத் தயாரா இருக்காங்க, அவங்களுக்கு நூலும் அளவும் சொல்லணும். சாப்பிடுற பொருள் ஏதாவது வைக்கலாமா? முன்பின் தெரியாதவங்களுக்கு வாழ்த்து அட்டையில என்ன எழுதுறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: இரவுப்பணி

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி வார்டு இன்சார்ஜ் நர்ஸுக்கு ஒரு போன் போடுங்க. வெளிப் பொருளை உள்ளே விடுறாங்களா, துணி வகை உண்டா, மின்சாதனம் உண்டா, யார்கிட்ட எந்த நேரத்துல ஒப்படைக்கணும், இவ்வளவுதான் கேள்வி. ஒரே ஆஸ்பத்திரியிலயே வார்டுக்கு வார்டு விதி மாறும். பொது வார்டுல சரின்னு சொன்னது எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுல வாசலோட நின்னுடும்.

பூ ஏன் வேண்டாம்னா, கீமோ ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளையணு ரொம்பக் குறைஞ்சிடும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல 500-க்குக் கீழே போனா கடுமையான குறைவு. அந்த நேரத்துல, நமக்கு ஒண்ணும் செய்யாத கிருமிகூட அவங்களுக்கு நுரையீரல் வரைக்கும் போகும். தொட்டி மண்ணுல ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சை இருக்கும். பூச்சாடித் தண்ணியில ஒரே நாள்ல பாக்டீரியா பெருகிடும். காய்ஞ்ச பூ, மூங்கில் கூடை, பிரம்புக் கூடையும் அதே கணக்குதான், தூசி தங்கும், துடைச்சுச் சுத்தம் பண்ண முடியாது. ரப்பர் பலூனும் வேண்டாம், லேடெக்ஸ் அலர்ஜி இருக்கிறவங்க அங்க இருப்பாங்க.

அதனால பொதுவான அளவுகோல்: புதுசா இருக்கணும், சீல் பிரிக்காம இருக்கணும், கிருமிநாசினித் துணியால துடைக்கவோ வெந்நீர்ல துவைக்கவோ முடியணும், வாசனை இருக்கக் கூடாது. பையும் அப்படியே. ஜிப் வெச்ச, உள்ளே இருக்கிறது தெரியுற பிளாஸ்டிக் பை, சுமார் 25க்கு 30 செ.மீ. போதும். படுக்கை ஓர அலமாரி சின்னது. பெரிய பை குடுத்தா அது தரைக்குத்தான் போகும், தரையில வெச்சதை அப்புறம் படுக்கையில வைக்க விடமாட்டாங்க.

உள்ளே முதல் இடம் வாய்க்கு. கீமோவுக்கப்புறம் ஐந்தாம் நாள், பத்தாம் நாள் வாக்குல வாய்ப்புண் கிளம்பும். எச்சில் முழுங்குறதே வேதனையா இருக்கும். "எக்ஸ்ட்ரா சாஃப்ட்"னு போட்ட டூத் பிரஷ் ரெண்டு வையுங்க, ஏன்னா வாய்ப்புண் இருக்கிறப்போ பிரஷ்ஷை அடிக்கடி மாத்தணும். சாதாரண "சாஃப்ட்"கூடப் புண்ணான ஈறுல உறுத்தலாம். மவுத்வாஷ் வைக்காதீங்க. கடையில கிடைக்கிறதுல ஆல்கஹால் இருக்கலாம், புண்ணுல பட்டா எரியும். வார்டுலயே அதுக்குன்னு தனியா குடுப்பாங்க.

உதட்டுக்கு லிப் பாம் கட்டாயம். டப்பா வேண்டாம், டியூப் இல்லேன்னா குச்சி வடிவம், ஏன்னா டப்பாவுல விரலை விட்டு விட்டு எடுத்தா கிருமி சேரும். வாசனை, புதினாக் குளிர்ச்சி எதுவும் கூடாது. இன்னொண்ணும் கவனிங்க: ஆக்ஸிஜன் வெச்சிருக்கிறவங்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி சேர்ந்த பாம் தரமாட்டாங்க, செறிவான ஆக்ஸிஜன் பக்கத்துல எண்ணெய்ப் பசை சுலபமா தீப்பிடிக்கும். பத்துப் பேர்ல யாருக்கு ஆக்ஸிஜன் போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் நீர் அடிப்படையிலான பாம் வாங்கிட்டா கவலையில்லை.

வைக்கவே கூடாதது: ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் குச்சி, ஃபிளாஸ் நூல். வெள்ளையணு மாதிரியே, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டும் விழும். சாதாரணமா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது இருபதாயிரத்துக்குக் கீழே போயிருக்கும், சின்னக் கீறல்கூட நிக்காம கசியும். நெயில் பாலிஷும் வேண்டாம், விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் அளவி அதனால தப்பாக் காட்டலாம்.

ரொம்ப நன்றி சொல்லி வாங்கிக்கிற பொருள் எதுன்னு கேட்டா, நீளமான சார்ஜிங் கேபிள். பிளக் பாயிண்ட் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாடி இருக்கும், போனோட வர்ற ஒரு மீட்டர் கேபிள் கைக்கு எட்டாது. ரெண்டு மீட்டர் வாங்குங்க. மூணு மீட்டர்னா தரையில தொங்கி யார் காலையாவது தடுக்கும். யார்கிட்ட எந்தப் போன்னு தெரியாததால மூணு விதத் தலை வெச்ச கேபிள் நல்லது. கூடவே ஒரு வெல்க்ரோ பட்டை வெச்சா கட்டில் கம்பியோட சேர்த்துக் கட்டிக்கலாம், ஆனா கட்டில் ஏறி இறங்குற பகுதியில கட்டக் கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதி வையுங்க, கட்டில் அசையும்போது கேபிள் நசுங்கி உள்கம்பி வெளியே வந்துடும். சார்ஜர் தலையும் பவர் பேங்கும் சில இடத்துல மின்பிரிவு பார்த்து அனுமதிச்ச பிறகுதான் உள்ளே போகும், அதைப் போன்லயே கேட்டுக்குங்க.

தூக்கத்துக்குக் கண் மறைக்கிற துணிப் பட்டையும், பஞ்சு மாதிரி அமுங்குற காதடைப்பான் ரெண்டு மூணு ஜோடியும். ராத்திரி முழுக்க டிரிப்ஸ் மிஷின் அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும், விளக்கும் அணையாது. காதடைப்பானை ஒருமுறை போட்டுத் தூக்கிப் போட்டுடணும், ஒரே ஜோடியை வாரம் முழுக்கப் போட்டா காதுல தொற்று வரலாம்.

பதில்: நூற்கண்டு

தொப்பி, போர்வை பற்றி மட்டும் சொல்கிறேன்.

முடி உதிர்வது பெரும்பாலும் முதல் கீமோவிலிருந்து இரண்டு அல்லது மூன்று வாரத்தில் தொடங்கும். அப்போது தலைத்தோல் தொட்டாலே வலிக்கும். கம்பளி, மொஹேர், மினுமினுப்பு இழை சேர்ந்த நூல் எல்லாம் குத்தும். பருத்தி, மூங்கில் விஸ்கோஸ், குழந்தைகளுக்கென்று விற்கும் மென்மையான அக்ரிலிக் ஆகிய மூன்றில் ஒன்றை, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம் என்று லேபிளில் உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நூலைக் கையில் பிடித்துப் பார்த்தால் போதாது, உள்ளங்கைத் தோல் தடித்தது. கழுத்தின் பக்கவாட்டில் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கட்டும், அரித்தால் அந்த நூல் வேண்டாம்.

பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. வரை வரும். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியின் சுற்றளவு 48 முதல் 50 செ.மீ., விளிம்பிலிருந்து உச்சி வரை உயரம் 20 முதல் 22 செ.மீ. வைக்கலாம். பின்னுகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் தலையில் போட்டு அளவு பார்ப்பார்கள். முடியோடு பார்த்த அளவு முடியில்லாத தலைக்குத் தொளதொளவென்று கண் வரை இறங்கிவிடும், ஆகவே அதைவிட இரண்டு செ.மீ. குறைக்க வேண்டும். பின்னல் நெருக்கமாக இருக்கட்டும். பூ வேலைப்பாட்டு ஓட்டைகள் அழகுதான், ஆனால் அதன் வழியே தலைத்தோல் தெரியும், ஏசி காற்றும் புகும். நெற்றியில் தடித்த விளிம்பு, பொத்தான், முத்து, ஊசி, லேபிள் எதுவும் வேண்டாம். படுக்கும்போது பின்மண்டையில் அழுந்தும் இடத்தில் இணைப்புத் தையலும் கூடாது, வட்டமாகவே பின்னிவிட்டால் அந்தச் சிக்கல் எழாது. பின்னத் தெரியாதவர்கள் டீ ஷர்ட் துணியில் ஒரே அடுக்காகத் தைக்கலாம். இரவில் போட்டுக்கொள்ள பின்னியதைவிட அதுதான் சுகம். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி தைத்தால் தோலில் உறுத்தாது.

போர்வை 90க்கு 120 செ.மீ. போதும். மடியில் போட்டு நாற்காலியில் உட்காரலாம், படுத்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும். அதைவிடப் பெரிதானால் சக்கர நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். குஞ்சம் வைக்கவே கூடாது, காரணம் அதேதான். குரோஷே போர்வையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் கையில் போட்ட ஊசியும் டிரிப்ஸ் குழாயும் அதில் சிக்கி இழுபடும். எடை ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். உடம்பில் வலுவில்லாதவருக்குக் கனமான போர்வையைத் தானே தள்ளிவிட முடியாது, காய்ச்சல் ஏறும் நேரத்தில் அது பெரிய அவஸ்தை.

துணி எல்லாமே 60 டிகிரி வெந்நீரைத் தாங்க வேண்டும். கம்பளி அதில் சுருங்கிக் கட்டியாகிவிடும். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், அதனால் வெட்டித் தைப்பதற்கு முன்பே ஒருமுறை வெந்நீரில் நனைத்துக் காயவையுங்கள். இதை விட்டுவிட்டு இரட்டைத் துணிப் போர்வை தைத்தால், ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் உப்பி நிற்கும். முடிந்ததும் வாசனையில்லாத சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசி, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து, அன்றைக்கே ஜிப் உறையில் போட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், தவிர்க்க நினைத்ததையே நாம் கொண்டு போய்க் கொடுத்ததாகிவிடும். துணி மென்மையூட்டித் திரவம் சேர்க்காதீர்கள், கீமோ நாட்களில் அந்த வாசனையே குமட்டும். நாய், பூனை இருக்கும் வீடானால் பின்னும் வேலையை அவை வராத அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் நூல் வகை, துவைக்கும் முறை எழுதிய சிறு அட்டை இருக்கட்டும், வார்டில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காலுறை வைப்பதானால் அடியில் ரப்பர் புள்ளி உள்ளதாக வாங்குங்கள். வழுவழுப்பான காலுறையோடு கழிவறைக்கு நடந்து விழுகிறவர்கள் உண்டு, பிளேட்லெட் குறைந்தவருக்கு அந்த விழுதல் ஆபத்தானது. கணுக்காலில் எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் நீர் கோத்த காலில் தடம் பதியும்.

தலையணை வகையில் ஒன்றே ஒன்று: வளையம் போல நடுவில் ஓட்டையுள்ள உட்காரும் மெத்தை சௌகரியம் போலத் தோன்றும், ஆனால் ஓட்டையைச் சுற்றியுள்ள தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப் புண்ணைக் கூட்டும். அதேபோல் காற்று மெத்தையில் படுத்திருப்பவருக்கு அடியில் விரிக்க எதையும் கொடுக்காதீர்கள். இடையில் அடுக்கு ஏற ஏற மெத்தையின் பயன் குறையும். நம் போர்வை மேலே போர்த்திக்கொள்ள மட்டும்தான்.

உங்கள் தோழிக்குத் தனியாகச் சட்டை தைப்பதாக இருந்தால் முன்பக்கம் கழுத்து முதல் கீழ்வரை திறக்கும்படி, கை அகலமாகத் தையுங்கள். மருந்துக் குழாய் மேற்கையிலோ காறை எலும்புக்குக் கீழோ இருக்கும், தலைவழியே மாட்டும் உடை அங்கே உரசும். டிச் பட்டன் வைத்தால் பிளாஸ்டிக்கில் வையுங்கள். உலோகமானால் ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் கழற்ற வேண்டும்.

பதில்: மருந்துச்சீட்டு

சாப்பிடும் பொருள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: முன்பின் தெரியாத ஒன்பது பேரின் பைகளில் உண்ணும் பொருள் எதையும் வைக்காதீர்கள். தோழிக்கு மட்டும், டயட்டீஷியனைக் கேட்ட பிறகு.

ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவருக்குப் பழச்சாறிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பும். இன்னொருவருக்கு ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும், சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அதனால் ரத்தச் சர்க்கரை ஏறும். சர்க்கரை இல்லாத மிட்டாய் என்று வாங்கினால் அதிலுள்ள சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பு வயிற்றுப்போக்கைக் கிளப்பும், கீமோவில் ஏற்கெனவே அந்தத் தொல்லை இருக்கும். புளிப்பு மிட்டாய் வாய்ப்புண்ணில் எரியும், கரடுமுரடான மிட்டாய் புண்ணைக் கீறும். வேறொருவருக்குத் தண்ணீரே அளந்துதான் தருவார்கள்.

பழங்களில் கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். குடலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. சிதைய வேண்டிய மருந்து சிதையாமல் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரும். ஒரு டம்ளர் சாறின் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நீடிப்பதால், "மாத்திரை காலையில், பழம் மாலையில்" என்று இடைவெளி விட்டும் தப்பிக்க முடியாது.

மூலிகைப் பொடி, ஊட்டச்சத்துப் பொடி, எதிர்ப்புச் சக்தி மாத்திரை இவற்றை எவ்வளவு அக்கறையோடு கொடுத்தாலும் வேண்டாம். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், பதப்படுத்தாத பொடியில் பூஞ்சை விதைகளும் இருக்கலாம். தலைவலித் தைலம், மூட்டுவலிக் களிம்பு எளிய பொருளாகத் தெரியும். அவற்றில் பலவற்றிலும் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உள்ளே போய், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். கை, காலுக்குப் பூச வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், 50 மி.லி. டியூப், போதுமானது. கதிர்வீச்சு பெறுகிறவர் சிகிச்சை நடக்கும் இடத்தில் எதையும் பூசுவதற்கு முன் அங்கே கேட்க வேண்டும் என்று அதன்மேல் ஒரு வரி ஒட்டிவிடுங்கள்.

வெந்நீர்ப் பை, சூடு செய்து ஒற்றும் தானியப் பை இரண்டும் வேண்டாம். சில கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்பை மரத்துப்போகச் செய்யும், சூடு உறைக்காமலேயே தோல் வெந்துவிடும்.

பதில்: சன்னலோரம்

உடம்புக்கானதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு வாரத்தில் உடம்பு வலியை விட அதிகம் வாட்டுவது நேரம் நகராதது. அதற்கும் பையில் இடம் விடுங்கள்.

நோட்டு ஒன்று, ஏ5 அளவு, கம்பிச் சுருள் கட்டு. மற்ற நோட்டு விரித்தால் மூடிக்கொள்ளும், ஒரு கையில் டிரிப்ஸ் ஓடும்போது இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே எழுத முடியாது. பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள். மல்லாந்து படுத்து நோட்டை உயர்த்தி எழுதினால் பால்பாயிண்ட் மை முனைக்கு இறங்காது, நாலு வரியில் நின்றுவிடும். திருகினால் முனை வரும் பென்சிலானால் சீவவும் வேண்டாம். முதல் பக்கத்தில் நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள்: தேதி, காய்ச்சல், சாப்பிட்டது, டாக்டரிடம் கேட்க வேண்டியது, அவர் சொன்னது. ரவுண்ட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கேள்வி நினைவுக்கு வராமல், டாக்டர் போன பிறகு வந்து நிற்பது எல்லோருக்கும் நடப்பது.

புத்தகமானால் புதியது, மெல்லியது. பழைய புத்தகத்தில் தூசியும் பூஞ்சையும் இருக்கும். கெட்டி அட்டை நாவல் மார்பில் வைத்துப் படிக்கக் கனம். கீமோவில் கவனம் சிதறும், முந்தைய பக்கம் மறந்துபோகும், ஆகவே இரண்டு மூன்று பக்கத்தில் முடியும் கதைகள், பெரிய எழுத்து. தோழிக்கு ஒலிப்புத்தகம் நல்லது. இயர்போன் கம்பி வைத்ததாக இருக்கட்டும், கம்பியில்லாத சின்னது விரிப்போடு சலவைக்குப் போய்விடும்.

வயதானவர்கள் இருந்தால் தேதியும் கிழமையும் பெரிய எழுத்தில் காட்டும் கடிகாரம் எல்லாவற்றையும்விட உதவும். பகலா இரவா என்று தெரியாத அறையில் அவர்களுக்குத்தான் மனக்குழப்பம் சீக்கிரம் வரும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவருக்கு பேட்டரி தீர்ந்தால் உலகமே அடங்கிவிடும், டாக்டர் சொல்வதும் காதில் விழாது. பேட்டரி அட்டையின் நிறத்தை நர்ஸிடம் கேட்டு வாங்குங்கள்: 10-ஆம் எண் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், அதனால் உரிக்காமல் கொடுக்க வேண்டும்.

வாழ்த்து அட்டையில் "சீக்கிரம் குணமாகிவிடுவீர்கள்", "தைரியமாகப் போராடுங்கள்" இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். குணமாகாது என்று அன்று காலைதான் கேட்டவர் கையிலும் அந்த அட்டை போய்ச் சேரலாம். போராடச் சொன்னால், நோய் முற்றும்போது தன் முயற்சிதான் போதவில்லையோ என்று நினைக்க வைக்கும். மத வாசகமும் வேண்டாம். உதாரணத்துக்கு: "வணக்கம். இந்தப் பையில் உள்ளவை இன்றைய நாளைக் கொஞ்சம் சுலபமாக்கினால் மகிழ்ச்சி. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை விட்டுவிடலாம். பதில் எதுவும் தேவையில்லை." கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். நன்றி சொல்ல வேண்டுமே என்பதும் களைத்தவருக்கு ஒரு சுமை. ஜிகினா உதிரும் அட்டை வேண்டாம், படுக்கையெல்லாம் ஒட்டும்.

உடன் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் தூங்குகிற அவர்களுக்குக் கழுத்துத் தலையணையும் பிரஷ், பேஸ்ட், ஒரு துண்டும் போதும்.

மழைமேகம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தைலமும் வளைய மெத்தையும் என் பட்டியல்ல இருந்துச்சு, ரெண்டையும் எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பத்துப் பையையும் நானே ஒவ்வொரு அறைக்கும் போய்க் கொடுக்கலாமா? ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆகும்போது விட்டுட்டுப் போனதை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா?

இரவுப்பணி

அறைக்கு அறை போகாதீங்க. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கிருமி போற வழி அதுதான். யார் என்ன நிலைமையில இருக்காங்கன்னு வெளியாள் பார்க்கிறதும் சரியில்லை. மொத்தமா வார்டு இன்சார்ஜ் கையில குடுங்க, யாருக்கு எதுன்னு அவங்க பிரிச்சுக்குவாங்க. ஷிஃப்ட் மாறுற நேரத்துல போக வேண்டாம், அப்போ யாருக்கும் நின்னு பேச நேரம் இருக்காது. சளி, இருமல், காய்ச்சல், உடம்புல கொப்புளம் இருந்தா வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புங்க.

தோழி அறைக்குள்ள போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போங்க. சில வயிற்றுப்போக்குக் கிருமியோட விதைகள் கைக்குப் பூசுற சானிடைசருக்குச் சாகாது. பதினைஞ்சு இருபது நிமிஷத்துக்கு மேல உட்காராதீங்க. அவங்க "இன்னும் கொஞ்ச நேரம் இரு"ன்னு சொன்னாலும் கிளம்பிடுங்க, பேசுறதே களைப்பு.

ஒரு அறைக்குள்ள போன பொருளை இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கூடாது, சீல் பிரிக்காததா இருந்தாலும். அதுக்காகத்தான் விலை கூடினது எதையும் வைக்காம, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவோ தூக்கிப் போடவோ மனசு வர்ற மாதிரி பொருளா வைக்கச் சொல்றோம். தொப்பியை மட்டும் பையோட சேர்க்காம தனியா குடுங்க. முதல் வாரத்துலயே தொப்பியைப் பார்த்தா முடி போகப்போற பயம் முன்னாடியே வந்துடும். ரெண்டாவது வாரம் கழிச்சு, கேட்கிறவங்களுக்கு நர்ஸ் எடுத்துக் குடுக்கட்டும்.

பத்தையும் ஒரேயடியா வாங்கிடாதீங்க. முதல்ல ஒரு மாதிரிப் பை மட்டும் கட்டி, உள்ளே இருக்கிறதோட பட்டியலை வெளியே தெரியுற மாதிரி ஒட்டி, இன்சார்ஜ்கிட்ட காட்டுங்க. அவங்க ரெண்டு பொருளை எடுத்துட்டு ஒண்ணைச் சேர்க்கச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் மீதி ஒன்பதுக்கு வாங்கலாம்.